நான் பட்டாளத்தில் சேரவில்லை

1

ஊரில் இருக்கிற எல்லாருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். நான் பட்டாளத்தில் சேரவில்லை. மேஜர் ஆகவில்லை. துப்பாக்கியைக் கையால் தொட்டதுகூட இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை தேக்கா மார்க்கெட்டில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தன் மாமனைப் பார்க்கக் கப்பலில் வந்திருக்கும் நம்மூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் என்னை அடையாளம் கண்டுகொண்டு, விறைப்பாக நின்று ஒரு சல்யூட் அடித்தார். கடைக்கார சீனர் பயந்தே போனார். விசாரித்தால், நான் சிங்கப்பூர் பட்டாளத்தில் பெரிய பதவியில் இருப்பதாக ஊரே பேசுகிறதாம். எனக்கு ஒன்றும் ஆகக் கூடாதென்று சின்னம்மா மாரியம்மனுக்கு மாவிளக்குப் போடுவதாக வேண்டிக்கொண்டிருக்கிறாராம். பக்கத்தில் நின்ற என் மனைவி கமலா, காய்கறிப் பையை என் கையில் திணித்து, இந்த மேஜருக்கு முருங்கைக்காய் முற்றலா இளசா என்றுகூடப் பார்க்கத் தெரியாது என்று அவரிடம் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

வதந்தி எங்கே கிளம்பியது என்று எனக்குத் தெரியும். ராணுவ முகாமில் ஒரு படிப்பு படிக்கிறேன் என்று அண்ணனுக்கு ஒரு வரி எழுதியிருந்தேன். அண்ணன் அதை டீக்கடையில் சொல்லியிருப்பார். டீக்கடையில் சொன்னது போதும். ஆகவே நடந்ததை நானே எழுதிவிடுகிறேன். சின்னம்மாவுக்கு யாராவது படித்துக் காட்டுங்கள். மாவிளக்கை வேண்டுமானால் போடட்டும், நல்லதுதானே.

2

நான் இங்கே வந்தது ஐம்பதுகளின் தொடக்கத்தில். ஓரளவு ஆங்கிலமும் நல்ல கையெழுத்தும் இருந்ததால் பிரிட்டிஷ் ராணுவத்தின் கிடங்கு ஒன்றில் கிளார்க் வேலை கிடைத்தது. கூடாரம், போர்வை, பூட்ஸ், தகரக் குவளை, இவைதான் என் உலகம். எங்கள் துரை காலையில் குட்மார்னிங் சொல்வதோடு அவர் வேலை பாதி முடிந்துவிடும். மீதியை நான் குறிப்பாக எழுதி வைத்திருப்பேன். இந்தப் பக்கம் இப்படி, அந்தப் பக்கம் அப்படி என்று இரண்டையும் தெளிவாக எழுதி, கடைசியில் ‘தங்கள் உத்தரவுக்காகச் சமர்ப்பிக்கிறேன்’ என்று ஆங்கிலத்தில் அழகாக முடிப்பேன். அந்த ஒரு வரியை என்னைப் போல் எழுத அந்த ஆபீசில் ஆள் இல்லை. பெருமையாகவே சொல்கிறேன்.

ஐம்பத்தேழில் இங்கே குடியுரிமை கொடுத்தபோது நானும் வரிசையில் நின்று வாங்கினேன். யோசித்துத் தீர்மானித்து நின்றேன் என்று நினைக்காதீர்கள். ஆபீசில் எல்லாரும் போனார்கள், நானும் போனேன். சிராங்கூன் ரோட்டுப் பக்கம் ஒரு நகைக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. கமலா வந்து பதினாலு வருஷம் ஆயிற்று. மகள் வசந்தி இங்கேயே பிறந்தவள். காலை பஸ், பகல் கிடங்கு, சாயங்காலம் கோயில் வாசலில் நாலு பேரோடு அரட்டை என்று காலம் ஓடியது.

பிறகு வெள்ளைக்காரப் படை சிங்கப்பூரை விட்டுப் போகப்போகிறது என்று ரேடியோவில் சொன்னார்கள். படை போனால் கிடங்கு எதற்கு, கிடங்கு போனால் கிளார்க் எதற்கு? கப்பல் டிக்கெட் ஏஜெண்டு கடையில் கூட்டம் சேர ஆரம்பித்தது. அண்ணனிடமிருந்தும் கடிதம் வந்தது. பட்டுக்கோட்டை ரைஸ்மில் ஒன்றில் கணக்கர் வேலை சொல்லி வைத்திருக்கிறேன், குடும்பத்தோடு கிளம்பி வா என்று.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் படிப்பு வந்தது. இங்கே புது அரசாங்கம் சொந்தமாகப் படை அமைத்துக்கொண்டிருந்தது. துப்பாக்கி பிடிக்கப் பையன்கள் கிடைத்தார்கள். ஆனால் அந்தப் பையன்களுக்குச் சோறு, கூரை, தண்ணீர், சாலை எல்லாம் ஏற்பாடு செய்கிற ஆட்கள் போதவில்லை. அதற்காக ஒரு முகாமிலேயே வகுப்பு வைத்தார்கள். பொது நிர்வாகமும் வளர்ச்சி நிர்வாகமும் என்று பெயர். பாதிப்பேர் இளம் ராணுவ அதிகாரிகள், பாதிப்பேர் எங்களைப் போன்ற சிவிலியன்கள். தேறினால் புதிய பாதுகாப்புத் துறையில் நிரந்தர வேலை. தேறாவிட்டால் எனக்குப் பட்டுக்கோட்டை ரைஸ்மில். விஷயம் அவ்வளவுதான்.

கமலாவிடம் கேட்டேன், என்ன சொல்கிறாய் என்று. நீங்கள் சொல்கிறபடி என்றாள். நானோ அவள் சொல்கிறபடி என்று நினைத்துக்கொண்டு கேட்டவன். அண்ணனுக்கு, யோசித்து எழுதுகிறேன் என்று பதில் போட்டேன்.

3

முதல் நாளே கூத்து. வகுப்பில் ஒரு சார்ஜெண்ட் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்து, “மிஸ்டர் கருப்பையா” என்றார். நான் திரும்பிப் பார்த்தேன். கருப்பையா என் அப்பா. அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. மறுபடியும் கூப்பிட்டார். அப்புறம்தான் புரிந்தது, கூப்பிட்டது என்னை. அவர்கள் படிவத்தில் குடும்பப் பெயருக்கென்று ஒரு கட்டம் இருக்கிறது. நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரை அதில் போட்டுவிட்டார்கள். என் பெயர் ராமசாமி என்று மன்றாடிப் பார்த்தேன். அட்டை அச்சாகிவிட்டது, இனி மாற்ற வேண்டுமானால் மூன்று இடத்தில் கையெழுத்து வேண்டும் என்றார் சார்ஜெண்ட். படிப்பு முடியும்வரை சட்டையில் அப்பா பெயரைக் குத்திக்கொண்டு திரிந்தேன்.

அதில் ஒரு சந்தோஷமும் இருந்தது. அப்பா பள்ளிக்கூடத்து வாசலை மிதித்ததில்லை. ஒருநாள் நான் ஏதோ சரியாகச் சொன்னபோது, “நல்ல பதில், மிஸ்டர் கருப்பையா” என்று பாடம் எடுத்த மேஜர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அப்பாவே வகுப்பில் உட்கார்ந்து பாராட்டு வாங்கிய மாதிரி இருந்தது.

அந்த மேஜர் ஒரு சீன இளைஞர். முப்பது வயதுகூட இருக்காது. மூக்குக்கண்ணாடி, மெல்லிய குரல். கத்தவே மாட்டார், அதனாலேயே எல்லாரும் பயந்தோம். வகுப்பு நடந்தது பலகைச் சுவரும் தகரக் கூரையும் போட்ட கொட்டகையில். மழை பிடித்தால் அவர் குரல் கேட்காது. சாக்கட்டியை வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொள்வார். மழை விட்டதும், விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.

எங்களைச் சின்னச் சின்னக் குழுவாகப் பிரித்தார்கள். என் குழுவில் ரஹ்மான் என்று ஒரு மலாய் லெப்டினன்ட், நல்ல பிள்ளை. இன்னொருவர் சிவகுரு. யாழ்ப்பாணக் குடும்பம், பிறந்தது வளர்ந்தது எல்லாம் இங்கே, கணக்குத் துறையில் ஆடாத அசையாத வேலை. பதவி உயர்வுக்காக வந்தவர். அதனால் அவருக்கு எல்லாம் வேடிக்கை. “உம்மட அப்பாவைத் தேடிக்கொண்டு நில்லாதேயும் காணும், வகுப்பு துவங்கிட்டுது” என்று தினமும் காலையில் என்னை வம்புக்கு இழுக்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

4

இரண்டாம் வாரம் ஒரு பயிற்சி கொடுத்தார்கள். நீங்கள் ஒரு மாவட்ட அதிகாரி, உங்களிடம் இருக்கிற பணத்தில் கம்பம் என்று இங்கே சொல்கிற ஒரு கிராமத்துக்குச் சாலை போடலாம் அல்லது வெள்ளக் கால்வாய் வெட்டலாம், இரண்டும் முடியாது, என்ன செய்வீர்கள் என்று எழுதச் சொன்னார்கள். இது நமக்குக் கைவந்த கலையாயிற்றே. சாலையின் நியாயம், கால்வாயின் நியாயம், சாலையின் கஷ்டம், கால்வாயின் கஷ்டம் என்று பிரித்துப் பிரித்து எழுதி, கடைசியில் என் பெயர்போன அந்த வரியையும் போட்டுக் கொடுத்தேன். பாராட்டு வரும் என்று சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மேஜர் என் தாளை எடுத்தார். அருமையான குறிப்பு, படித்தேன், சாலையா கால்வாயா என்று கேட்டார். இரண்டு பக்கமும் எழுதியிருக்கிறேன் சார் என்றேன். அது சரி, எது என்றார். அது மேலே இருப்பவர் முடிவு என்றேன்.

“இந்தப் பயிற்சியில் உங்களுக்கு மேலே யாரும் இல்லை, மிஸ்டர் கருப்பையா. நீங்கள்தான் மேலே.”

என்னையறியாமல் அண்ணாந்து பார்த்தேன். தகரக் கூரைதான் இருந்தது. கொட்டகையே சிரித்தது. சிவகுரு மேசையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினார்.

அதோடு போயிற்றா? ராணுவத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. கூடிப் பேசும்போது பதவியில் சின்னவர்தான் முதலில் வாய் திறக்க வேண்டும். பெரியவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்களாம், அதனால். எங்கள் குழுவில் பதவியில் சின்னவன் நான். அடுத்த பயிற்சியில் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் எழுந்து, லெப்டினன்ட் ரஹ்மான் சொல்வதை முழுமனதோடு ஆமோதிக்கிறேன் என்றேன். நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையே என்றான் ரஹ்மான், பாவம்.

வகுப்பு முடிந்ததும் மேஜர் என்னைத் தனியே கூப்பிட்டார். வயதில் பெரியவரான உங்களிடம் இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது என்று ஆரம்பித்தார். பாடம் உங்களுக்கு எங்களைவிட நன்றாகத் தெரிகிறது. ஆனால் கடைசித் தேர்வு அதிகாரிகள் முன்னால் நின்று பேசுவது. அங்கேயும் முடிவு சொல்லாமல் நின்றால் உங்களைத் தேறியவர் என்று நான் கையெழுத்துப் போட முடியாது. இவ்வளவுதான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது அந்த மெல்லிய குரல் காதிலேயே நின்றது.

கோபமும் வந்தது. எனக்கு யார் இதைச் சொல்லிக் கொடுத்தார்கள்? வீட்டில் அப்பா, அப்பாவுக்குப் பின் அண்ணன், ஆபீசில் துரை, கோயிலில் தலைவர். பெரியவர்கள் இருக்கும் இடத்தில் முந்திரிக்கொட்டை மாதிரி முன்னால் பேசாதே என்றுதானே நம்மை வளர்த்தார்கள்? என் கல்யாணத்துக்கே பெண்ணைப் பற்றி அண்ணன் அபிப்பிராயம் கேட்டபோது, நீங்க பார்த்துச் செய்யுங்க என்றவன் நான். அது அமோகமாக அமைந்துவிட்டதால் எனக்குப் புத்தி வரவில்லை.

5

சிவகுருதான் ஒரு வைத்தியம் சொன்னார். “வீட்டில இருந்து துவங்கும் காணும். மனிசி கேக்க முந்தி நீர் சொல்லிப் பழகும்.”

பழகினேன். நாளைக்கு என்ன சமையல் என்று கமலா கேட்பதற்கு முன்னாலேயே, பாகற்காய் என்று அறிவித்தேன். எனக்கே பாகற்காய் பிடிக்காது. வாயில் முதலில் வந்தது அதுதான். மூன்று பேரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டோம். அந்த ஞாயிற்றுக்கிழமை சாங்கி கடற்கரைக்குப் போகிறோம் என்று தீர்மானித்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மழை கொட்டியது. ஒரு காப்பிக்கடையில் ஒதுங்கி மீ கோரெங் என்கிற காரமான நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். வசந்திக்கு அதில் பரம சந்தோஷம்.

“அப்பா, நீங்க டிசைட் பண்ணாலே மழை வருது லா” என்றாள்.

“வரட்டும்டி. ஒரு முடிவுன்னு ஒண்ணு வீட்ல இருக்குல்ல” என்றாள் கமலா. அவள் கேலி செய்கிறாளா, மெச்சுகிறாளா என்று எனக்குப் பிடிபடவில்லை.

வசந்தியைப் பற்றி ஒரு வார்த்தை. பன்னிரண்டு வயது. ஆங்கிலப் பள்ளிக்கூடம். கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு மலாயில் சண்டை போடுவாள், அம்மாவிடம் தமிழில் கெஞ்சுவாள், கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவாள். பெரியப்பா கடிதத்தை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். ‘சௌக்கியம்’ என்ற இடத்தில் ஒருமுறை மூச்சு விட்டுக்கொண்டு தொடர்வாள். அவளைக் குறை சொல்லி என்ன? நான் வெளியில் பேசுவதைத்தானே அவளும் பேசுகிறாள்.

அந்த வாரம் அண்ணன் மறுபடியும் எழுதியிருந்தார். மில்காரர் இனிமேல் காத்திருக்க மாட்டாராம், உடனே பதில் வேண்டுமாம். அதைப் படித்துக்கொண்டிருந்த வசந்தி, அங்கே போனால் எனக்கு எந்த ஸ்கூல் என்று கேட்டாள். ஊர்ப் பள்ளிக்கூடம், எல்லாம் தமிழில் படிக்க வேண்டியிருக்கும் என்றேன். அழுவாள், அடம் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். ஓகே என்று சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். அந்த ஓகே என்னை அறுத்துவிட்டது. பெரியவர்கள் என்ன சொன்னாலும் சரி என்று தலையாட்டுகிற என் புத்தி அவளுக்கும் வந்துவிட்டதே என்று இருந்தது.

6

கடைசித் தேர்வு நாளன்று வெள்ளைச் சட்டை போட்டு, டை எல்லாம் கட்டிக்கொண்டு போனேன். எங்கள் குழுவை ஒன்றாகவே உள்ளே கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் மேஜரும், துறையிலிருந்து வந்திருந்த நரைத்த தலை அதிகாரி ஒருவரும் உட்கார்ந்திருந்தார்கள்.

கேள்வி ஒரு கற்பனைத் தீவைப் பற்றியது. அங்கே ஓர் அந்நியப் படை பல காலம் முகாம் போட்டிருந்தது. இப்போது போகிறது. முகாமை நம்பி வாசலில் ஒரு சின்ன ஊரே வளர்ந்திருக்கிறது. சலவைக்காரர், தையல்காரர், சமையல்காரர், முடிதிருத்துபவர், கிளார்க்குகள். இந்த ஊரை அரசாங்கம் என்ன செய்ய வேண்டும்?

படித்ததும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. கற்பனைத் தீவாம். அந்தச் சலவைக்காரரை எனக்குத் தெரியும். அந்தத் தையல்காரரிடம்தான் என் கால்சட்டையை அளவு குறைத்தேன். அந்தக் கிளார்க்கைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன்.

சின்னவர் முதலில் என்று மேஜர் என்னைப் பார்த்தார். எழுந்தேன். இரண்டு பக்கத்து நியாயமும் வரிசையாக மனதில் வந்து நின்றன. அவற்றை ஒதுக்கிவிட்டு, அவர்களை இங்கேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றேன். புதிய படைக்கும் துணி துவைக்க வேண்டும், உடை தைக்க வேண்டும், சமைக்க வேண்டும், கணக்கு எழுத வேண்டும். பழக வேண்டியதைச் சொல்லிக் கொடுத்து இதே ஆட்களை அமர்த்திக்கொள்ளலாம் என்றேன்.

நரைத்த தலை அதிகாரி நாற்காலியில் சாய்ந்துகொண்டார். இவர்கள் எல்லாரும் வேறு தேசத்திலிருந்து வந்தவர்கள் என்று தாளில் இருக்கிறதே, டிக்கெட் எடுத்துக் கொடுத்து ஊருக்கு அனுப்புவது சுலபமில்லையா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை, சோதிக்கத்தான் கேட்டார். ஆனால் எனக்கு அது தேர்வுக் கேள்வியாகப் படவில்லை. என் வீட்டுக் கேள்வியாகப் பட்டது. எத்தனையோ மாதமாக நான் பதில் எழுதாமல் வைத்திருந்த கேள்வி.

“அவர்கள் வேறு இடத்திலிருந்து வந்தவர்கள்தான், சார். அவர்களுடைய பிள்ளைகள் எங்கிருந்தும் வரவில்லை. இங்கேயே இருக்கிறார்கள்.”

நான் அதோடு நிறுத்தவும் இல்லை. போக விரும்புகிறவர்களுக்கு டிக்கெட் கொடுக்கலாம், விரும்பாதவர்களைப் போ என்று சொல்லக் கூடாது, இதுதான் என் முடிவு என்றேன். நிச்சயம்தானா என்று கேட்டார். நிச்சயம் என்றேன். உட்கார்ந்தேன். சிவகுரு என் காதருகே குனிந்து, “இதை இவ்வளவு நாளும் எங்க ஒளிச்சு வச்சிருந்தனீர்?” என்றார். முதல் தடவையாக அதில் கேலி இல்லை.

நான் தேறிய செய்தி அடுத்த வாரம்தான் வந்தது. அதனால்தான் இப்போது பாதுகாப்புத் துறையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, படை முகாம்களுக்குக் கூரையும் குழாயும் ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். சல்யூட் யாரும் அடிப்பதில்லை. ஆனால் அந்தச் செய்தி வரும் முன்பே, தேர்வு முடிந்த அன்று சாயங்காலமே, எங்கள் வீட்டு விஷயம் முடிந்துவிட்டது.

7

நான் படியேறிப் போனபோது கமலா சோறு வடித்துக்கொண்டிருந்தாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பாஸோ பெயிலோ, நாம இங்கதான் இருக்கப் போறோம். அண்ணனுக்கு நாளைக்கே எழுதிடறேன்” என்றேன்.

அவள் பானையை நிமிர்த்தி வைத்தாள். நிஜமாகவா என்று கேட்டாள். நிஜமாகத்தான் என்றேன். பெயிலானால் என்ன செய்வீர்கள் என்றாள். இந்த ஊரில் எழுதத் தெரிந்தவனுக்கு ஒரு கடையில் வேலை கிடைக்காதா என்றேன். அவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கட்டிலுக்கு அடியில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால், ஒரு பெரிய தகரப் பெட்டி. திறந்தாள். குத்துவிளக்கு, நாங்கள் கல்யாணத்துக்கு உடுத்திய பட்டு, அண்ணன் பிள்ளைகளுக்கு என்று வசந்தியின் சின்னதாகிப்போன கவுன்கள், பழைய சேலையில் சுற்றிய பாத்திரங்கள். ஒரு வீட்டையே மடித்து உள்ளே வைத்திருந்தாள். எப்போது கட்டினாய் என்று கேட்டேன். ரேடியோவில் சொன்ன மறுநாளே என்றாள்.

“ஏன் கமலா ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லல?”

“உங்களுக்கு ஊருக்குப் போக ஆசைன்னு நெனச்சேங்க. அண்ணன் கடிதாசிய எத்தனை தடவ படிச்சீங்க. நான் வேணாம்னு சொல்லிட்டா, காலம்பூரா என்னாலதான் போகலன்னு உங்க மனசுல இருந்துடும். அதான் வாயத் தெறக்கல.”

எனக்கு அந்த ஆசையே இல்லை என்றேன். உனக்குத்தான் உன் அம்மாவோடு போய் இருக்க வேண்டும் என்று இருக்கும், நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருந்தேன் என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் முந்தானையால் கண்ணை அழுத்தித் துடைத்தாள்.

“எனக்கு இங்கதாங்க இருக்கணும்” என்றாள்.

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், எனக்கு இது வேண்டும் என்று அவள் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டது அன்றுதான். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். அடியில் இட்லிக் கொப்பரை இருந்தது. சில மாதங்களாக வீட்டில் இட்லியே கண்ணில் படாததற்குக் கடை உளுந்து சரியில்லை என்று கமலா சொன்னதை நம்பி நான் கடைக்காரரோடு சண்டை போட்டிருந்தேன்.

வசந்தி மூச்சு வாங்க மாடியேறி வந்தவள், அறை முழுக்கப் பாத்திரம் பரந்து கிடப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள். முகம் வெளுத்துப்போயிற்று.

“எப்பம்மா போறோம்?” என்றாள்.

“எங்கயும் போகல” என்றாள் கமலா. கொப்பரையை அவள் கையில் கொடுத்தாள். “இதக் கொண்டுபோய் அடுப்படியில வை. அப்பா சொல்லிட்டாரு, நாம இங்கதான்.”

வசந்தி ஓகே என்று சொல்லவில்லை. இட்லிக் கொப்பரையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, அங்கேயே உட்கார்ந்து, அத்தனை மாத அழுகையையும் சேர்த்து அழுது தீர்த்தாள்.